இரண்டு பலகைக்கும் நடுவில் நின்றவர்

தனபால், உங்கள் சங்கத்தில் சிங்காரம் ஒரு நாளும் உறுப்பினராக இருந்ததில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் படத்தைப் போட்டு ‘உயிர் நீத்த நம் தோழர்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது பொய்.

நான் எழுதிப் பழகிய ஆள் இல்லை. செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் வந்தான், யார் போனான், யார் வரவில்லை என்று நோட்டில் குறித்ததுதான் என் எழுத்து எல்லாம். இரண்டு மாதத்துக்கு முன் அதே தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் போலாரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது கேட்டில் கைரேகை மிஷின் வந்துவிட்டது. உள்ளே எத்தனை பேர் என்று ஒரு பட்டனைத் தட்டினால் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் விபத்து நேரத்தில் ஆளை எப்படி எண்ணினீர்கள், பயிற்சிப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் சார் என்றார்கள். ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். வந்தது இதுதான். இதை அவர்கள் போட மாட்டார்கள் என்று தெரிந்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்தார். பட்டப் படிப்பைப் பாதியில் விட்டேன், டைப்பிங் கற்றேன், ஒரு வருஷம் சும்மா திரிந்தேன், பிறகு இந்த வேலை கிடைத்தது. வேலையைக் கற்றுக்கொடுத்தவர் டைம் ஆபீஸ் அதிகாரி ராகவராவ்.

பர்மனென்ட் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன் உண்டு. உள்ளே வரும்போது ‘வெளியே’ என்ற பக்கத்து ஆணியிலிருந்து எடுத்து ‘உள்ளே’ என்ற பக்கத்து ஆணியில் மாட்ட வேண்டும். ஆபத்துச் சங்கு ஊதினால் நாங்கள் ‘உள்ளே’ பக்கத்தைப் பார்த்து எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓட வேண்டும். மைதானத்தில் இரண்டு பலகைகள். தோட்டத்து ஓரம் பச்சைப் பலகை, அதன் முன்னால் பர்மனென்ட் ஆட்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பலகை, அதன் முன்னால் காண்ட்ராக்ட் ஆட்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டோக்கன் கிடையாது. அவர்களுடைய மேஸ்திரி காலையில் ஆள் கணக்கு எழுதிக் கேட்டில் கொடுக்கும் துண்டுச் சீட்டுதான்.

ராகவராவ் எண்ண மாட்டார். அதுதான் அவரிடம் நான் பார்த்த முதல் விஷயம். எல்லோரும் தலையை எண்ணுவார்கள். அவர் பெயரைப் படிப்பார். படித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி நிமிர்ந்து பார்ப்பார். ஆள் கையைத் தூக்கி ‘ஹாஜர்’ சொல்ல வேண்டும். முகம் தெரிந்த பிறகுதான் சிவப்புப் பென்சில் நோட்டில் இறங்கும். ஒருவனுக்கு இன்னொருவன் ஹாஜர் சொன்னால் திட்ட மாட்டார், அந்தப் பெயரை மறுபடி படிப்பார். மறுபடியும் படிப்பார். ஒரு முறை வெறும் ஒத்திகைக்கே சித்திரை வெயிலில் எல்லோரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தார். கடைசியில் டிரம் அடுக்கிய இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். வந்தவன் முகத்தைப் பார்த்து டிக் போட்டு, நோட்டை மூடிவிட்டுப் போனார். தொழிலாளிகள் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இப்படிச் செய்ய வேண்டும் என்று விதி இல்லை. அவர்கள் கணக்கு மேஸ்திரியின் பொறுப்பு. ஆனாலும் ராகவராவ் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். பெயர், அப்பா பெயர், எந்தப் பிரிவில் வேலை, இவ்வளவும் அவர் கையெழுத்தில் இருக்கும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான், இவர்களுக்கு நம்பர் போட்டுவிட்டால் சுலபமாக இருக்குமே சார் என்றேன். எங்களோடு பழகிப் பழகி அவருக்கு ஒரு மாதிரித் தமிழ் வரும்.

“நக்கோ, வேணாம். நம்பர் நீ எழுதறது. பேரு அவங்க அம்மா வெச்சது. பேர் சொல்லிக் கூப்பிடு” என்றார்.

ஓய்வு பெற்ற அன்று அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். ஒரு வருஷம் அதை வைத்துப் பெயர் படித்தேன். அப்புறம் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார், கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. நான்கு நிமிஷத்தில் கணக்கு முடிய வேண்டும் என்றார். ஒவ்வொரு பிரிவின் லீடரும் தன் ஆளை எண்ணி ‘முழுசு’ என்று எனக்குச் சொன்னால் போதும், பெயர் படிப்பதெல்லாம் வேண்டாம். முதல் ஒத்திகையிலேயே மூன்றரை நிமிஷத்தில் முடித்தோம். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நோட்டு மேஜை டிராயருக்குள் போயிற்று. போட்டவன் நான்தான். அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இனி சிங்காரம்.

அவர் அரூர் பக்கத்துக்காரர். பெண்டாட்டியோடு ஷாப்பூர் நகரில் ஒற்றை அறையில் குடியிருந்தார். சால்வென்ட் மீட்புப் பிரிவில் பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் வேலை. மருந்து செய்யப் பயன்பட்ட சால்வென்டைக் காய்ச்சி வடித்து மறுபடி எடுக்கும் பிரிவு அது. பெட்ரோல் மாதிரிப் பற்றும் சரக்கு. அந்தப் பிரிவில் பர்மனென்ட் பதினான்கு பேர். அவர்களுக்கு லீடர் தனபால். சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். சிங்காரம் செய்ததும் அந்தப் பதினான்கு பேர் செய்த அதே வேலைதான்.

பதினான்கில் பாதிக்கு மேல் தமிழ் ஆட்கள், செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மத்தியானம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நானும் அங்கேதான் சாப்பிடுவேன். சிங்காரமும் அங்கேதான். ஒத்திகைக்குச் சங்கு ஊதினால் அவர் மஞ்சள் பலகைக்குப் போக மாட்டார், பச்சைப் பலகை முன்னால் தனபாலுக்குப் பின்னால் போய் நிற்பார். மேஸ்திரி மல்லய்யா முதலில் கத்திப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். கணக்குக் கொடுக்கும்போது தெலுங்கில், “மாவாள்ளு அந்தரு உன்னாரு, ஒக்கடு அக்கட” என்று பச்சைப் பலகைப் பக்கம் கையைக் காட்டுவார். எங்கள் ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள், ஒருவன் மட்டும் அங்கே. தனபால் பதினான்கை எண்ணி, “பதினாலு, சிங்காரத்தோட பதினஞ்சு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பல வருஷம் இப்படித்தான் நடந்தது.

சிங்காரம் இதற்காக என்னவெல்லாம் செய்தார் என்று நான் பார்த்திருக்கிறேன். சங்கத்தார் ஊர்வலத்துக்குச் சிவப்புச் சட்டை தைத்தால், அதே துணி தேடி வாங்கித் தைத்துக்கொள்வார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மிஷின்களைத் தேய்த்துக் கழுவுவது அவர். மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை தொங்காதவன் மனிதனே இல்லை என்று ஆனபோது எங்கள் மேனேஜருக்கும் அந்த ஆசை வந்தது. பர்மனென்டுக்குப் பச்சைப் பட்டை, காண்ட்ராக்டுக்கு மஞ்சள் பட்டை. சிங்காரம் மஞ்சள் பட்டையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு அட்டை மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வார்.

ஒரு வருஷம் பூஜை முடிந்து பிரிவு ஆட்கள் போட்டோ எடுத்தார்கள். சிங்காரம் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “டேய், நீ இல்லாம இன்னாடா போட்டோ?” என்று தனபால்தான் அவரை இழுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டார். சிங்காரம் தன் செலவில் ஒரு பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். மலரில் போட்டிருப்பது அந்தப் படத்தை வெட்டியது. உற்றுப் பாருங்கள், அவர் தோளில் நான்கு விரல் தெரியும். அந்த விரல் தனபாலுடையது.

பிறகு காலம் மாறியது. தொழிற்சாலை நிலத்தை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போகப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆளைக் குறைப்பார்கள் என்றார்கள். சங்கம் சண்டை போட்டு வாரிசு வேலைப் பட்டியல் ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்தது. ஓய்வு பெறுபவரின் பிள்ளைக்கு அவர் இடம். அந்த நேரத்தில் பக்கத்துத் தொழிற்சாலையில் சில காண்ட்ராக்ட் ஆட்கள் கோர்ட்டுக்குப் போய், நாங்களும் பர்மனென்ட் ஆட்களும் ஒன்றாக ஒரே வேலை செய்கிறோம் என்று சொல்லி வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். எங்கள் சங்கம் பயந்துவிட்டது. நாளைக்குச் சிங்காரம் நிரந்தரமானால் யாரோ ஒருவர் பிள்ளைக்கு இடம் போகும். இது தெரியாமல் அதே மாதம் சிங்காரம் சங்கத்தில் சேர மனு எழுதிக் கொடுத்தார்.

பதில் மத்தியானச் சாப்பாட்டில் வந்தது. அன்று சிங்காரம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றியிருந்தார்.

“சிங்காரம், நாளையிலேர்ந்து நீ உங்க ஆளுங்களோட சாப்புடு. டிரில்லுக்கும் மஞ்சள் போர்டாண்டதான் நிக்கணும். இங்க வராத” என்றார் தனபால்.

சிங்காரம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். “ஏண்ணே, கொழம்பு அவ்ளோ மோசமாவா இருக்கு?”

“வெளாட்டு நக்கோ. எங்களுக்கும் பசங்க இருக்காங்க. நீ எங்களோட நின்னுட்டு நாளைக்குக் கோர்ட்ல போய் நானும் அவங்களும் ஒண்ணுன்னு சொல்லுவ.”

“நான் எப்பண்ணே கோர்ட்டுக்குப் போனேன்?”

சிங்காரம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் ஊற்றிய குழம்பு என் சோற்றில் இருந்தது. நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒத்திகை வந்தது. சிங்காரம் பச்சைப் பலகைக்கு வரவில்லை. மஞ்சள் பலகைக்கும் போகவில்லை. பதினோரு வருஷம் அந்தப் பக்கம் போகாத ஆளை அங்கே யாருக்கும் பிடிக்காது, பெரிய மனுஷன் வந்துவிட்டான் என்று கேலி செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். மல்லய்யா வழக்கம்போல ஒருவன் அங்கே என்று கையைக் காட்டினார். தனபால் பதினாலு, முழுசு என்றார். பதினஞ்சு என்று சொல்லவில்லை. நான் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தேன், ஆள் கண்ணெதிரே இருக்கிறாரே என்று இரண்டு கணக்கையும் எழுதிக்கொண்டேன். ஆள் எந்தக் கணக்கிலும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அப்புறம் மல்லய்யாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம், காலை பதினொரு மணி வாக்கில் சங்கு ஊதியது. இந்த முறை ஒத்திகை இல்லை. மீட்புப் பிரிவில் ஒரு குழாய் விட்டுப்போய்த் தீ பற்றிவிட்டது. நான் நோட்டோடு ஓடினேன். புகை மைதானம் வரை வந்தது. மல்லய்யா இருமிக்கொண்டே, “அந்தரு உன்னாரு, ஒக்கடு அக்கட” என்றார். தனபால், “பதினாலு. முழுசு” என்றார். நான் சைக்கிள் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழுசு, முழுசு என்று இரண்டு இடத்திலும் எழுதினேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி இறங்கியதும் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். உள்ளே ஆள் இருக்கிறதா?

“கோயி நை, சாப்” என்றேன். யாரும் இல்லை.

ஆள் இல்லை என்றால் அவர்கள் உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லை. வெளியே நின்று தண்ணீர் அடித்து, பக்கத்திலிருந்த டிரம்களைக் காப்பாற்றினார்கள். அதுதான் சரியான முறை. ஒன்றரை மணி நேரம் கழித்துச் சூடு தணிந்த பிறகு உள்ளே போனவர்கள், மருந்துப் பொடியைப் பிழியும் மிஷின் அறையில் சிங்காரத்தைப் பார்த்தார்கள். தலையில் ஈரச் சாக்கைச் சுற்றியிருந்தார். கதவுக்கும் அவருக்கும் இரண்டு முழம் இடைவெளி. அந்த அறையில் தீ ஏறவே இல்லை, புகைதான். கொஞ்ச நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

சங்கு ஊதியும் ஏன் வெளியே வரவில்லை? எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நிரூபிக்க முடியாது. போன வாரம் மாதிரி இதுவும் ஒத்திகை என்று நினைத்திருப்பார். வெளியே வந்தால் மறுபடி நடுவில் தனியாக நிற்க வேண்டும், நானூறு கண் பார்க்கும். அதற்கு உள்ளேயே இருந்துவிடலாம் என்று இருந்திருப்பார். இது ஒத்திகை இல்லை என்று தெரிந்தபோது வழி முழுக்கப் புகை. அந்த ஒத்திகையில் அவர் முகத்தை நான் பார்த்தேன். அதனால்தான் இப்படி நினைக்கிறேன்.

விசாரணைக்கு அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். சிங்காரம் எப்போதும் பச்சைப் பலகையில்தான் நிற்பான், அதனால்தான் அங்கே என்று சொன்னேன் என்றார் மல்லய்யா. இன்ஸ்பெக்டர் தனபாலைக் கேட்டார். இல்லை சார், அவர் காண்ட்ராக்ட் ஆள், எங்களோடு நின்றதே இல்லை என்றார் தனபால். நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, டைம் ஆபீஸ் என்ன சொல்கிறது என்றார்.

நான் கவனித்ததில்லை என்றேன்.

குற்றம் மல்லய்யா மேல் போயிற்று. காண்ட்ராக்டை ரத்து செய்தார்கள். அவர் ஆட்கள் அத்தனை பேரும் வெளியே போனார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் மகனுக்கு அந்த வாரிசு வேலை தேவையில்லை, அவன் அப்போதே மாதாப்பூரில் வேலையில் இருந்தான். பயந்தது வேறொன்றுக்கு. அதற்கு மூன்று வருஷம் முன்பு என் மனைவி இறந்தபோது சங்கம் மொத்தமும் வந்து நின்றது. பாடையில் முதல் தோள் தனபாலுடையது. மூன்று நாள் என் வீட்டிலேயே படுத்து என்னைச் சாப்பிட வைத்தார். அவர்களை விட்டால் போலாரத்தில் எனக்கு யார்? அந்த வட்டத்தில் உட்கார இடம் வேண்டும், நான் செத்தால் தூக்க நான்கு பேர் வேண்டும் என்று ஒரு மனிதனின் சாவைப் பொய்யாக்கினேன். சிங்காரம் கேட்டதும் அந்த இடத்தைத்தான். அவருக்கு இல்லை என்று சொன்னவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்ததைக் காப்பாற்றிக்கொண்டேன்.

காப்பாற்றி என்ன கிடைத்தது? மாதா மாதம் கூடி டீ குடிக்கிறோம். யாரும் யார் கண்ணையும் பார்ப்பதில்லை. சேர்ந்து செய்த தப்புதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. இன்றைக்கும் அதில் ஒருவனாக இருக்கத்தான் என் மனது ஆசைப்படுகிறது. இது தீராத வியாதி. மிஷின் வைத்தாலும் தீராது. இன்றைக்குக் கழுத்தில் பட்டையோடு பஸ்ஸில் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்கள் ஆபீசிலும் நடுவில் ஒருவன் நின்றுகொண்டிருப்பான்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் போன வருஷம் என்னிடம் ஒன்று சொன்னார். அவர் பையன் அங்கே வேலையில் இருப்பதால் பெயர் எழுதவில்லை. தீப்பிடித்த அன்று தனபால் எண்ணும்போது இவர் பின்னாலிருந்து, “அண்ணே, சிங்காரத்தைக் காணமே” என்றாராம். தனபால் திரும்பிப் பார்க்காமல், “அவன் நம்ம லிஸ்ட்ல இல்ல” என்றாராம்.

மஞ்சள் பலகைக்குப் போ என்று அவரே சொன்னதால் அங்கே இருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ. இருக்கலாம். அப்படியானால் அதையாவது அவர் சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் சிங்காரத்தின் மனைவி கோமதி மலரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இப்போது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் காண்ட்ராக்டில் கூட்டித் துடைக்கிறார். சங்கத்துப் பையன் ஒருவன் மலரைக் கொண்டுவந்து கொடுத்தானாம். சந்தோஷமாக இருந்தார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அவரு சங்கத்துல சேந்துட்டாராண்ணா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. கடைசியா ரெண்டு வாரம் சோத்து டப்பா அப்படியே திரும்பி வரும். ஏன்னு கேட்டா, உக்காந்து சாப்புட எடம் இல்லம்பாரு. நீங்க சொல்லுங்கண்ணா, இதுல போட்டிருக்கறது நெசந்தானே?”

நான் டீ போடுகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து டம்ளரை மட்டும் நீட்டினேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, மலரைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார்.

தனபால், என் பங்கை எழுதிவிட்டேன். பெயர் படிப்பதை நிறுத்தியவன் நான். உள்ளே யாரும் இல்லை என்று சொன்னவன் நான். விசாரணையில் பொய் சொன்னவன் நான். இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இனி உங்கள் பங்கு. என் வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம், போன் செய்ய வேண்டாம். வருகிற திங்கட்கிழமை முதல் ஷிப்ட் விடும் நேரத்தில், எப்போதும் போடுகிற மாதிரி ஒரு கேட் மீட்டிங் போடுங்கள். பச்சைப் பட்டைக்காரர்களும் மஞ்சள் பட்டைக்காரர்களும் கேட்கும்படி மைக்கில் பதில் சொல்லுங்கள். சிங்காரம் உறுப்பினரா இல்லையா? இங்கே நிற்காதே என்று அவரிடம் சொன்னது யார்? அவரைக் காணோம் என்று ஒருவர் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கோமதிக்கு அன்று லீவு போடச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் நிற்பார். அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.